கெட்டித் தண்ணீர்

அந்த வார்டில் அவளை எல்லோரும் கலோரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வைத்த பெயரோ, பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும், எத்தனை மில்லி தண்ணீர் உள்ளே போக வேண்டும், மூக்குக் குழாயில் எத்தனை மணிக்கு எவ்வளவு விட வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்கும் உணவியல் நிபுணர். வேலையில் புலி. ஒரு நோயாளி தட்டில் இரண்டு வாய் மிச்சம் வைத்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் இப்படி ஒரு காரியம் செய்தாளே என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. பதவி உயர்வு கேட்டதில்லை, வெளியூர் மாநாட்டுக்கெல்லாம் போனதில்லை. ஒரே ஒரு சுகம்தான். பெரிய டாக்டர் காலைச் சுற்றுக்கு வருவார். நர்ஸ், கை கால் பயிற்சி கொடுக்கிற பிசியோ, மருந்து கொடுக்கிறவர் எல்லோரும் அவர் பின்னால் கும்பலாக வருவார்கள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அக்கா என்ன சொல்றாங்க?" என்பார். முதல் கேள்வி அவளுக்குத்தான். அவள் பதில் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே பத்தொன்பது வருடமாக அரை மணி நேரம் முன்னதாக வந்து, எல்லாக் கட்டிலின் உணவுத் தாளையும் கூட்டிப் பார்த்துத் தயாராக நிற்பாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பேச்சுப் பயிற்சியாளர். நாக்குக் குழறுகிறவர்களைப் பேச வைப்பதோடு, தொண்டை சரியாக வேலை செய்கிறதா, விழுங்குகிற தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குப் போகிறதா என்று சோதிப்பதும் அவள் வேலை. இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் கரண்டி வைத்திருப்பாள். வார்டு மொத்தமும் ஒரே வாரத்தில் அவளைக் குட்டி, குட்டி என்று கொண்டாட ஆரம்பித்தது. கலோரி அக்கா மட்டும் மனதுக்குள் கரண்டிக்காரி என்று பெயர் வைத்தாள்.

குட்டி வந்த இரண்டாவது வாரம் பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கலோரி அக்கா வாயைத் திறக்கப் போனாள். அவரோ, "குட்டி என்ன சொல்றாங்க?" என்றார். முதலில் ஆளால் விழுங்க முடியுமா என்று தெரிந்தால்தானே என்ன கொடுப்பது என்று யோசிக்க முடியும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து முதல் கேள்வி குட்டிக்கு, இரண்டாவது பிசியோவுக்கு, போகிற போக்கில் "அக்கா, நீங்க கணக்குப் போட்டுடுங்க" என்று ஒரு வார்த்தை இவளுக்கு.

பொறாமை என்றால் சும்மா இல்லை, வயிறு எரிந்தது. டாக்டர் குட்டியோடு பேசும்போது எத்தனை முறை சிரிக்கிறார் என்று எண்ணினாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாக்டருக்கு வலப்பக்க நாற்காலி இத்தனை நாளும் இவளுடையது. ஒரு நாள் தெரியாமல் குட்டி அதில் உட்கார்ந்துவிட்டாள். இவள் கூட்டம் முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் குணம் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! திட்டுவதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவளோ பார்க்கும்போதெல்லாம், "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்பாள். உணவுத் தாளைப் படிக்கச் சொல்லித் தருகிறீர்களா என்றுகூட ஒரு தரம் வந்து நின்றாள். அதிலும் மூக்கை நுழைக்கப் பார்க்கிறாள் என்று இவளுக்குத் தோன்றியது. வேலை இருக்கிறது என்று சொல்லி முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் பஸ் டிரைவர் ஏழாம் கட்டிலுக்கு வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அவர் மனைவி கட்டில் பக்கத்து ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதே இல்லை. பத்து நாளில் அவர் நன்றாகத் தேறினார். நடக்கவும் பேசவும் பழக்குகிற பயிற்சி மருத்துவமனையில் அவருக்கு ஒரு படுக்கை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை வண்டி வரும். ஆனால் ஒரு நிபந்தனை. நோயாளி தெளிவாக இருக்க வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், சொன்னதைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் படுக்கை வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். முதல் சில வாரத்தில் பழக்கினால்தான் கை கால் திரும்ப வரும் என்று பெரிய டாக்டர் அந்த அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

திங்கட்கிழமை குட்டி அவரைச் சோதித்தாள். சாதாரணத் தண்ணீர் கொடுத்தால் இருமல் வருகிறது, ஆகவே பொடி கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்றாள். சரியான முடிவுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இப்படிக் கெட்டியாக்கினால் நிறையப் பேர் குடிக்கவே மாட்டார்கள், ஒரு நாளைக்காவது டிரிப்ஸ் இருக்கட்டும் என்று கலோரி அக்கா சொல்ல வாயெடுத்தாள். பெரிய டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "அதெல்லாம் குட்டி பாத்துக்குவாங்க அக்கா," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். டிரிப்ஸைக் கழற்றினார்கள்.

அந்த வார்டில் ஒரு நடைமுறை உண்டு. டிரிப்ஸ் ஏறுகிறவரை தண்ணீர்க் கணக்கு நர்ஸ்களுடையது. கழற்றியதும் அந்தக் கணக்கு, கட்டிலின் காலடியில் தொங்குகிற உணவுத் தாளுக்கு மாறிவிடும். யார் ஊட்டுகிறாரோ அவர் அதில் குறித்து வைப்பார். காலையில் அதைக் கூட்டிப் பார்க்கிற ஆள் வார்டிலேயே ஒருத்திதான். தண்ணீர் குறைந்தால் அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போட வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டாத விதி அது, ஆனால் எல்லோரும் அதை நம்பித்தான் வேலை செய்தார்கள். விதியைக் கொண்டுவந்ததே கலோரி அக்காதான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஏழாம் கட்டில் தாளைக் கூட்டினாள். ஒரு நாள் முழுக்க உள்ளே போனது நானூற்றுப் பத்து மில்லி. ஆயிரத்து ஐந்நூறு வேண்டிய ஆளுக்கு நானூற்றுப் பத்து. டிரைவரின் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள்.

"அம்மா, உங்களைத்தான் பாத்துட்டே இருந்தேன். இந்தக் கெட்டித் தண்ணிய வாயில வெச்சா துப்பிடறாரு. நான் என்ன செய்யட்டும்?"

"நான் எழுதிக்கறேன்மா, பாத்துக்கலாம்," என்றாள் கலோரி அக்கா.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. கலோரி அக்கா தன் அறைக்கு வந்து போனைக் கையில் எடுத்தாள். எண்ணைக்கூட அழுத்திவிட்டாள், இரண்டு எண்தான் பாக்கி. அப்போது கண்ணாடிக் கதவு வழியாக, நடைபாதையில் டீ மெஷின் பக்கத்தில் பெரிய டாக்டரும் குட்டியும் நிற்பது தெரிந்தது. குட்டி கையை ஆட்டி என்னவோ சொல்கிறாள், டாக்டர் டீ சிந்துகிற அளவுக்குச் சிரிக்கிறார். இவளோடு பேசும்போது அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று? போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமைக் கூட்டம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு ஓடியது. எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். குட்டியின் கெட்டித் தண்ணீர் என்ன லட்சணத்தில் உள்ளே போகிறது என்று தாளை மேஜையில் போட்டால் போதும். குட்டி பார்த்துக்குவாங்களாம்! பார்த்த அழகை எல்லோரும் பார்க்கட்டும். இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது, கூழாக அரைத்த சாப்பாட்டிலும் கொஞ்சம் தண்ணீர் போகிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத கற்றுக்குட்டியா அவள்?

புதன்கிழமை முந்நூற்று அறுபது மில்லி. டிரைவரின் உதடு தோல் உரிந்திருந்தது. நாக்கு வறண்டு தடித்திருந்தது. பகல் எல்லாம் தூங்கி வழிந்தார். பிசியோ வாங்குகிற வேலையில் களைத்துப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமைதான், ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் ஊட்டிப் பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு நாள் அளவையும் அட்டவணையாகப் போட்டாள். வேண்டிய தண்ணீர் நீலத்தில், போன தண்ணீர் சிவப்பில். தேதியும் கூட்டிய நேரமும் தலைப்பில். ஆறு பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஊசி குத்தி, கோப்பில் வைத்தாள். கல்யாணப் பத்திரிகை அடித்தால்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது அவளால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசமாட்டார். நாளைக்குக் கூட்டத்தில் கரண்டிக்காரியின் முகம் எப்படிப் போகும் பாருங்கள் என்று ஆரம்பித்து, அட்டவணை, சிவப்பு, நீலம் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தாள். அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி, அந்த மனுஷனுக்கு இப்ப தாகமா இருக்குமே?"

உங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை ஒன்றும் புரியாது என்று சீறிவிட்டு எழுந்து போனாள். சமையலறையில் பாத்திரம் எல்லாம் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது. அவர் சுளைகளைத் தட்டில் அடுக்கி, அவளுக்கும் பாதி வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டாள். ஏழாம் கட்டில் பக்கத்தில் டிரிப்ஸ் கம்பி நின்றது. விடியற்காலையில் எடுத்த ரத்தத்தில் சிறுநீரகம் தடுமாறுவது தெரிந்து, பணியில் இருந்த டாக்டர் ஓடிவந்து போட்டிருந்தார். டிரைவர் போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். மனைவி கையைத் தொட்டால் யாரோ அந்நியர் தொட்ட மாதிரித் தட்டிவிட்டார். கலோரி அக்காவின் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? போச்சு, கூட்டத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்களே! அதுதான் முதலில் வந்தது. அதற்கு அப்புறம்தான் டிரைவரின் முகத்தைப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் கூடியது. பெரிய டாக்டர் சிரிக்கவில்லை, டீயைத் தொடவில்லை. இரண்டு நாளாக ஒரு மனிதர் தண்ணீர் குடிக்கவில்லை, இத்தனை பேர் இருக்கிற குழுவில் ஒருத்தருக்கும் தெரியாமல் எப்படிப் போயிற்று என்று கேட்டார். பிறகு நேராகக் கலோரி அக்காவைப் பார்த்தார். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் முதல் கேள்வி அவளுக்கு வந்தது.

"அக்கா, உணவுத் தாள் என்ன சொல்லுது?"

கோப்பு மடியில் இருந்தது. உள்ளே ஆறு பிரதி. ஒவ்வொன்றின் தலையிலும், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம் என்று அவள் கையாலேயே அச்சடித்த நேரம். குட்டிக்கு என்று பார்த்துப் பார்த்துத் தோண்டிய குழி, இப்போது தன் காலடியிலேயே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. கோப்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கொறைவாதான் இருந்துது," என்றாள்.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்பதற்குள் குட்டி குறுக்கே வந்தாள். கெட்டித் தண்ணீர் எழுதியது தான்தான், எழுதினால் போதுமா, அவர் குடிக்கிறாரா என்று மறுநாள் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா, இது தன் தப்பு, வேறு யாரையும் சொல்லாதீர்கள் என்றாள். அவர் தெளிந்த பிறகு, வாயை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நடுவில் சாதாரணத் தண்ணீரே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம், தானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிறேன் என்றாள். எவ்வளவு என்பதை மட்டும் அக்கா கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்று இவள் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்ணில் ஒரு துளி சந்தேகம் இல்லை.

பெரிய டாக்டர் தன் தாளில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, தப்பை இப்படி முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்கிற ஆள் இருக்கிற குழு கெட்டுப்போகாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிசியோ குட்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தான். கலோரி அக்காவுக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டதற்குக்கூட அவளுக்குத்தான் பாராட்டு! அதோடு கூடவே, சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன் மேலேயே அருவருப்பும் வந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

கூட்டம் முடிகிற நேரத்தில் பிசியோவுக்குப் போன் வந்தது. பயிற்சி மருத்துவமனையிலிருந்து. இந்த நிலைமையில் ஏழாம் கட்டில் ஆளை எடுக்க முடியாது, படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று, இனி ஐந்து வாரமாவது ஆகும் என்றார்கள். ஐந்து வாரம் என்று பெரிய டாக்டர் ஒரு தரம் திருப்பிச் சொன்னார். அது எப்பேர்ப்பட்ட ஐந்து வாரம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கலோரி அக்கா புதுத் தண்ணீர்க் கணக்கை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனாள். யாரோ அதற்குள் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு என்று கட்டி வைத்திருந்த பையை டிரைவரின் மனைவி பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டை, ஒரு துண்டு, நடைப் பயிற்சிக்கு என்று வாங்கிய புது ரப்பர் செருப்பு. இவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பரவாயில்லை.

"என் மேலதாம்மா தப்பு," என்றாள் அந்த அம்மா. "நேத்து சாயங்காலம்கூட நர்ஸ் வந்து, ஏம்மா தூங்கிட்டே இருக்காரு, தண்ணி குடிக்கறாரான்னு கேட்டாங்க. நான்தான், அதெல்லாம் சாப்பாட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவங்க எழுதிக்கிட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க எழுதிக்கிட்டா நடந்துடும்னு இருந்துட்டேன். இன்னொருத்தர்கிட்டயும் சொல்லியிருக்கணும்."

கலோரி அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. குட்டி தப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள், மிச்சத்தை இந்த அம்மா போட்டுக்கொண்டாள், ஆறு பிரதியைக் கிழித்துப் போட்டால் முடிந்தது. ஆனால் இந்த அம்மா இன்னும் ஐந்து வாரம், பத்து வாரம், அந்த மனிதரின் கை வராமலே போனால் ஆயுசு முழுக்க, தன்னையே திட்டிக்கொண்டு இருப்பாளே.

"உங்க மேல தப்பில்லம்மா. நான் எழுதி வெச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"மறக்கல. தெரிஞ்சேதான் சொல்லல."

"ஏம்மா?"

கலோரி அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "டாக்டர் இப்பல்லாம் எதுன்னாலும் அந்தப் பொண்ணைத்தான் கேக்கறாரு. என்னைக் கேக்கறதே இல்ல. அந்த வயித்தெரிச்சல்."

அந்த அம்மா கத்துவாள், வார்டையே கூட்டுவாள் என்று காத்திருந்தாள். அந்த அம்மா கத்தவில்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்னது விளங்குகிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் உங்களைத்தானேம்மா கேட்டேன்," என்றாள்.